லேசான ஆள்

றேமண்டின் கேம் சென்ரருக்கு வேலைக்குப் போகும்வரை நிரோஷா ஒரு கொன்ட்ரோலரைக் கையால் தொட்டதில்லை. கொழும்பு ஜிந்துப்பிட்டியில் முருகன் கோயிலுக்குப் பின்னால், ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில், ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவள் அவள். அப்பா பெரியதம்பி இளவயதிலேயே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இறங்கி வந்து, புறக்கோட்டையில் மூட்டை சுமந்து குடும்பத்தை நிமிர்த்தியவர். படிப்பு முடிந்ததும் நிரோஷா ஒரு துணிக்கடையில் நின்றாள்; பிறகு போன் கடையில். அதற்குப் பிறகுதான் வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவோரம் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில், இந்த வேலை கிடைத்தது.

டியூஷன் முடிந்து வரும் பையன்களை மணித்தியாலக் கணக்கில் உட்கார வைப்பதும், கொத்து ரொட்டி சாப்பிட்ட எண்ணெய்க் கையால் அவர்கள் பிடித்துவிட்டுப் போன கொன்ட்ரோலர்களைத் துடைப்பதும்தான் வேலை. துடைத்தபின் எல்லாப் பட்டனும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சண்டை விளையாட்டுத்தான் நல்லது என்று றேமண்ட் சொல்லியிருந்தார், அதில் ஒரு பட்டன் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் அமத்த வேண்டியிருக்கும். அப்படித்தான் தொடங்கியது.

திரையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருவரின் உயிர்க்கோடு தீரும்வரை மற்றவர் அடிக்க வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களில் யாரையும் தெரிவு செய்யலாம். வாயில் நுழையாத அவர்களுடைய பெயர்களைத் தள்ளிவிட்டு, பையன்கள் தாங்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். தொப்பையும் பொல்லுமாக வரும் பொலிஸ்காரனுக்கு, சிங்களத்தில் கான்ஸ்டபிளைக் கூப்பிடுகிற மாதிரி ராலஹாமி. நீண்ட வாளோடு வருபவன் வாள்காரன். விரல்களிலிருந்து நூல் எறிந்து சண்டை பிடிக்கும் மெலிந்த பெண்ணுக்குத் தையல்காரி.

நிரோஷா ராலஹாமியை எடுத்தாள். ஒரு பட்டனை அமத்தினால் பொல்லு நீளும், இன்னொன்றை அமத்தினால் வயிற்றால் இடிப்பான். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

கிஷாந்த் அந்தக் கடையின் ராஜா. வெள்ளவத்தையிலேயே ஒரு தொடர்மாடியில் தாயோடு இருந்தான், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. வேலை முடிந்து கழுத்துப்பட்டியைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு படியேறி வருவான். வாள்காரனோடு அவன் உட்கார்ந்தால் பையன்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நிற்பார்கள். கடையில் ஆள் குறைந்த ஒரு பின்னேரம் அவன் நிரோஷாவைப் பார்த்து, “நீர் சும்மாதானே நிக்கிறீர், வாருமன்” என்றான். அவள் தோற்றாள். மறுநாளும் தோற்றாள். சில மாதங்கள் கழித்து, மழை நாள் ஒன்றில், ராலஹாமியின் பொல்லால் வாள்காரனை வீழ்த்தினாள். அடுத்த ஆட்டத்திலும் வீழ்த்தினாள்.

கிஷாந்த் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

“ராலஹாமியோட ஆர் வேணுமெண்டாலும் வெல்லலாம்” என்றான். “இஞ்ச பாரும், இந்த விளையாட்டில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தரையும் ஒரு கூரையும் இருக்கு. ராலஹாமியின்ர தரை பதிவு, நிலத்தோட கிடக்கு. இண்டைக்கு வந்தவனும் ஏறி நிக்கலாம். ஆனா கூரையும் பதிவுதான், கொஞ்சம் நிமிர்ந்தா தலையில இடிக்கும். தையல்காரியைப் பாரும். அவளின்ர தரையில ஏறி நிக்கவே வருஷக்கணக்காகும். ஏறிட்டா மேல கூரையே இல்லை.”

“நீங்க ஏன் தையல்காரிய எடுக்கல்ல?”

“அதுக்கெல்லாம் ஆருக்கு நேரம் இருக்கு?”

அவன் தன்னை மட்டந்தட்டினான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாரும் தனக்குச் சொல்லித்தராத ஒன்றைச் சொல்லித்தந்தான் என்றுதான் நினைத்தாள். அன்றைக்கு வென்ற ஆட்டம் அவள் மனதில் வெற்றிக் கணக்கில் சேரவில்லை. லேசான ஆளோடு வென்றது, அவ்வளவுதான்.

பிறகு இருவரும் காலி வீதியைக் கடந்து கடற்கரைப் பக்கம் நடந்தார்கள், ரயில் பாதையோரம் நின்று கதைத்தார்கள், விரும்பினார்கள். கிஷாந்தின் தாய் கனகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் வேரூன்றிய குடும்பத்துப் பெண்மணி. ஜிந்துப்பிட்டி என்று கேட்டவுடன் அவர் முகம் போன போக்கைக் கிஷாந்தே நிரோஷாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆனாலும் அவன் பிடிவாதமாக நின்றான், அதை மறுக்க முடியாது. இரண்டாயிரத்துப் பத்தொன்பதின் கடைசியில் கலியாணம் நடந்தது. வேலையை விடச் சொன்னது மாமியார்தான். “எங்கட வீட்டுப் பிள்ளை கடையில நிண்டு பெடியளுக்கு மெசின் துடைக்கிறது சரியில்லை, பிள்ளை. நீர் வீட்டில நில்லும்.” நிரோஷா வேலையை விட்டாள்.

சில மாதத்தில் ஊரடங்கு வந்தது. நாடே வீட்டுக்குள் அடைந்தபோது கிஷாந்த் அறைக்குள் ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி வைத்திருந்தான். முதல்நாள் ஆட்கள் வரிசையாக நிற்கும் திரையில் நிரோஷாவின் விரல் வழக்கம்போல ராலஹாமியில் போய் நின்றது. கிஷாந்த் பக்கத்திலிருந்து, “பிறகும் அவனேதானா?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் விரலை நகர்த்தித் தையல்காரியின் மேல் வைத்தாள்.

தையல்காரி அடிக்கமாட்டாள், முதலில் தைப்பாள். தரையில் ஒரு நூல், சுவரில் ஒரு நூல், எதிரியின் தலைக்கு மேல் ஒரு நூல். மூன்றும் பதிந்தபிறகுதான் அவளுக்குக் கை முளைக்கும். ஒவ்வொரு நூலுக்கும் வட்டமாக ஒரு சுழற்சி, பாதியில் ஒரு பட்டன், விட்டவுடன் இன்னொன்று. கண் இமைக்கிற நேரம் பிந்தினால் நூல் காற்றில் போகும், எதிரி வந்து அடித்துவிட்டுப் போவான். நிரோஷா தோற்றாள். சமைத்துவிட்டு வந்து தோற்றாள், உடுப்புக் காயப்போட்டுவிட்டு வந்து தோற்றாள். இடது பெருவிரலில் தோல் தடித்து மரத்துப்போனது. கிஷாந்த் வீட்டிலிருந்தே அலுவலக வேலைக்கு உட்கார்ந்திருக்கும் நேரங்களில் சத்தத்தை அணைத்துவிட்டு, எதிரி அசையாமல் நிற்கும் பயிற்சி அறையில் ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் பதித்துப் பார்த்தாள்.

அவள் தோற்ற அந்த இரண்டு வருஷமும் கிஷாந்த் அருமையான கணவனாக இருந்தான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பான். அவள் கையைப் பிடித்து, “பெருவிரலை இவ்வளவு இறுக்காதை, நோகும்” என்பான். தாய் அவளுடைய பேச்சைத் திருத்தும்போது, “விடுங்கோ அம்மா, அவள் பழகுவாள்” என்று அவள் பக்கம் நின்று கதைப்பான். நண்பர்கள் போனில் வந்தால், “என்ர வைஃப் தையல்காரி விளையாடுறாள் மச்சான், பாவம், விடாமல் நிக்கிறாள்” என்பான். அந்தப் ‘பாவம்’ என்ற சொல் அவளுக்கு இனித்தது.

மின்வெட்டுக் காலம் வந்தது. மின்சாரம் இருந்த நேரத்தில் எல்லாரும் சோறு சமைத்தார்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். நிரோஷா சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு நூல் பதித்தாள். றேமண்டின் கடை அந்த வருஷம் மூடியது. அந்த மேல்மாடியில் இப்போது ஒரு சலூன் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் வென்றாள்.

தானாக நடந்தது மாதிரி இருந்தது. விரல்கள் நினைவில்லாமல் ஓடின. மூன்று நூலும் பதிந்தன, வாள்காரன் மூலையில் சிக்கினான், அவனுடைய காலும் வாளும் நூலில் மாட்டி ஒவ்வொன்றாக இழுபட்டன. கிஷாந்த், “நல்லா இருந்தது” என்றான். அடுத்ததையும் அவள் வென்றாள். மூன்றாவதையும் வென்றபோது அவன் கொன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தான்.

“இதின்ர பட்டன் ஒட்டுது.”

அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். அதிலும் தோற்றான். பிறகு தலையிடி என்று படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு உட்காருவது குறைந்தது. இணையத்தில் யாரோ முகம் தெரியாதவர்களோடு விளையாடினான், அவன் வேலைக்குப் போன பகல்களில் அவளும் அப்படி விளையாடினாள். அவன் விளையாடும்போது அவள் கட்டிலில் இருந்து பார்த்தாள். அப்போதுதான் ஒன்றைக் கண்டுகொண்டாள். உண்மையில் முன்னமே கண்டிருந்தாள், இப்போதுதான் அதற்குள் இருந்ததை விளங்கிக்கொண்டாள். மூலைக்குள் அகப்பட்டால் கிஷாந்த் ஒவ்வொரு முறையும் பின்பக்கமாகப் பாய்வான். கடையில் அவளை முதன்முதல் கூப்பிட்ட காலத்திலும் அப்படித்தான் பாய்ந்தான். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு மாற்றமும் இல்லை. வாள்காரனுக்கு இன்னும் எவ்வளவோ உயரம் மிச்சம் இருந்தது. தலை இடித்து நின்றது கிஷாந்த்தான்.

அதை அவள் மனதோடு வைத்திருக்கலாம். ஆனால் அவன் தனக்குச் சொல்லித்தந்த மாதிரி தானும் அவனுக்குச் சொல்லித்தரலாம் என்று நினைத்தாள்.

“நீங்க மூலைக்குப் போனா எப்பவும் பின்னால பாய்றீங்க. அது தெரிஞ்சவங்க அங்கேயே காத்துக்கிட்டு நிப்பாங்க” என்றாள்.

கிஷாந்த் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இப்ப நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?” என்றான். பிறகு அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் தேவைக்கு மட்டும் கதைத்தான்.

அடுத்தமுறை அவன் கூப்பிட்டபோது அவள் ஒரு நூலை வேண்டுமென்றே பிந்திப் பதித்தாள். வாள் வந்து விழுந்தது, அவள் தோற்றாள். கிஷாந்த் அவள் பக்கம் திரும்பினான்.

“விட்டுத் தந்தனியோ?”

“இல்ல. கை தவறிட்டு.”

“எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ? உனக்குக் கை தவறாது.”

ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிய வழி இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுடைய கெட்டித்தனத்தை அதுவரை அவன் தன் வாயால் ஒத்துக்கொண்டது அந்த ஒரு வசனத்தில்தான். அதையும் கோபத்தில்தான் சொன்னான்.

அந்த வருஷக் கடைசியில் றேமண்ட் அவளுக்குப் போன் எடுத்தார். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் போட்டி, வெல்பவரை மலேசியாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள், ஒழுங்கமைப்பவர்களில் தானும் ஒருவர் என்றார். “நீ வா மகள். உன்ட தையல்காரிய இணையத்தில பாத்தேன். இந்தக் கொழும்பில அப்பிடி ஒருத்தரும் இல்ல.” அவள் கிஷாந்திடம் கேட்டாள். “போறதெண்டாப் போ” என்றான். தானும் பெயர் கொடுத்திருப்பதாக மட்டும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வரப் பிந்தத் தொடங்கினான். வருஷ முடிவு, கணக்கு வேலை என்றான். நிரோஷா அவனுடைய சட்டையைத் தோய்க்கப் போடுமுன் மோந்து பார்த்தாள். வியர்வை மணத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தாள், அதிலும் ஒன்றும் இல்லை. காரணம் இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால் தன்னால் அழவாவது முடிந்திருக்கும் என்று பின்னாளில் அவள் நினைத்ததுண்டு.

போட்டியன்று காலையில்தான் தானும் வருவதாகச் சொன்னான். இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

மண்டபம் முழுக்கப் பையன்கள். பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள், அதிலும் பாதிப்பேர் பார்க்க வந்தவர்கள். நிரோஷா கலியாணத்துக்கு வாங்கிய நீலச் சுடிதாரோடு உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக வென்றாள். முதலில் ஒரு நீர்கொழும்புப் பையன், பிறகு கண்டியிலிருந்து வந்த இரண்டு பேர். மூன்றாவது ஆட்டத்தின்போது அவளுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. தையல்காரியை அப்படி யாரும் கண்டதில்லை. சிங்களப் பையன் ஒருவன் போனில் படம் எடுத்தபடி, “அக்கா, நியமய்” என்றான். அருமை என்று அர்த்தம்.

அரையிறுதியில் எதிரே வந்து உட்கார்ந்தது கிஷாந்த்.

அறிவிப்பாளர் புருஷனும் பெண்சாதியும் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னதும் மண்டபம் சிரித்தது, கைதட்டியது. ஐந்து ஆட்டத்தில் மூன்றை வென்றவர் இறுதிக்குப் போவார். நிரோஷா தையல்காரியைத் தெரிவு செய்துவிட்டுக் காத்திருந்தாள். கிஷாந்தின் வெளிச்சக் கட்டம் வாள்காரனைத் தாண்டிப் போனது. மேல் வரிசைக்குப் போய் ராலஹாமியின் மேல் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

அந்த மாதங்கள் எல்லாம் அவன் எங்கே போயிருந்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. யாரோ ஒரு சிநேகிதனின் வீட்டில் இருந்து இதைத்தான் பழகியிருக்கிறான்.

தையல்காரி ஒரு நூலைப் பதிக்கும் நேரத்துக்குள் ராலஹாமி பொல்லை நீட்டினால் போதும். அதற்கு ஒரேயொரு பட்டன். எந்த நூலை அவள் எப்போது பதிப்பாள் என்பது கிஷாந்துக்குத் தெரியும், இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தவன் அல்லவா. முதல் ஆட்டம் அவனுக்கு. இரண்டாவதை அவள் எடுத்தாள், மூன்றாவதையும் எடுத்தாள். நான்காவதில் பொல்லு ஓயவில்லை. மூலைக்குள் மாட்டியபோதுகூட அவன் பின்னால் பாயவில்லை. குந்தியிருந்து பொல்லை நீட்டினான். அவள் சொல்லிக்கொடுத்தது அவன் காதில் விழுந்துதான் இருந்தது.

கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் உயிர்க்கோடு ஒரு நகம் அளவுதான் மிச்சம். இரண்டு நூல் பதிந்துவிட்டது. மூன்றாவதற்கு அவள் பெருவிரல் வட்டத்தைத் தொடங்கியது, வியர்வையில் வழுக்கியது. நூல் காற்றில் போனது. பொல்லு நீண்டது.

அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. விதிக்குள் நின்றுதான் அவன் வென்றான். அதை அவள் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை. எழுந்து கை கொடுத்தாள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

இறுதியில் மொறட்டுவையிலிருந்து வந்த ஒரு மாணவனிடம் கிஷாந்த் வரிசையாக மூன்று ஆட்டமும் தோற்றான். அது அவனை ஒன்றும் செய்யவில்லை. வழியில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குள் நுழையும்போதே, “அம்மா, உங்கட மருமகளை வெண்டிட்டன்” என்றான். மாமியார் டிவியிலிருந்து திரும்பி, “அது ஆம்பிளையளின்ர விளையாட்டுத்தானே” என்றார்.

அறைக்குள் வந்தபிறகு நிரோஷா கேட்டாள்.

“ராலஹாமியோட யார் வேணும்னாலும் வெல்லலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஓம். அதுக்கென்ன?”

“நான் அவனோட வெண்டப்போ அது கணக்கில்ல. இப்ப?”

கிஷாந்த் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். உண்மையாகவே அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை போலிருந்தது.

“வெற்றி வெற்றிதான், நிரோஷா. லேசான வழி இருக்கேக்க நீ கஷ்டமான ஆளை எடுத்துக்கொண்டு திரிஞ்சா அது உன்ர பிழை. நான் உன்னை எடுக்கச் சொன்னனானோ?”

அவன் சொல்லவில்லை, அதுவும் உண்மைதான். ‘பிறகும் அவனேதானா’ என்று கேட்டது மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு பையில் உடுப்பு எடுத்துக்கொண்டு ஜிந்துப்பிட்டிக்குப் போனாள். அப்பா முதுகு நோவோடு பாயில் படுத்திருந்தார். அம்மா பேச்சியம்மா பையைப் பார்த்தவுடன் கதவைச் சாத்தினாள்.

“அடிச்சாராம்மா?” என்று பெரியதம்பி கேட்டார்.

“இல்லப்பா.”

“குடிக்கிறாரா?”

“இல்ல.”

“வேற பொண்ணு கிண்ணு…”

“அதெல்லாம் இல்லப்பா.”

“அப்புறம் என்னம்மா?”

நிரோஷா வாயைத் திறந்தாள். தரை, கூரை, ராலஹாமி, நூல் என்று எங்கிருந்து தொடங்குவது? வாழ்நாள் முழுக்க மூட்டை சுமந்த மனிதருக்கு, கைக்குள் அடங்கும் ஒரு பட்டனால் தனக்கு என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது?

“ஒரு வெளயாட்டுல என்னத் தோக்கடிச்சிட்டாரு” என்றாள்.

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியதம்பிக்குச் சிரிப்பு வந்தது, முதுகு நோவில் அதை அடக்கிக்கொண்டார். “நல்ல மனுஷனா இருக்காரு. வெளயாட்டுக்கெல்லாம் வீட்ட விட்டு வருவாங்களா?” என்றாள் பேச்சியம்மா. சோறு போட்டுக் கொடுத்து, கோயிலில் திருநீறு வாங்கி நெற்றியில் பூசி, வெயில் தாழமுன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கொன்ட்ரோலரை எடுக்கவில்லை. தான் அதைச் சபதமாக எடுக்கவில்லை என்கிறாள். ஒவ்வொரு நாளும் வேறு வேலை இருந்தது, பிறகு விரல் மறந்துவிட்டது. றேமண்ட் இன்னும் இரண்டு தடவை போன் எடுத்தார். மூன்றாம் தடவை எடுக்கவில்லை. இடது பெருவிரலில் இருந்த தடிப்பு மெல்ல மெல்லக் கரைந்து தோல் பழையபடி மிருதுவானது. மாமியாரோடும் இப்போது பிரச்சினை இல்லை. அவள் இப்போது ‘இல்லீங்க’ என்று சொல்வதில்லை, ‘இல்லை மாமி’ என்கிறாள். கிஷாந்த் மறுபடியும் அன்பாக இருக்கிறான். அவளுக்கு உடம்பு முடியாவிட்டால் வேலைக்கு லீவு போடுகிறான்.

போன தீபாவளிக்குக் கனடாவிலிருந்து கிஷாந்தின் ஒன்றுவிட்ட அண்ணன் வரதராசா குடும்பத்தோடு வந்திருந்தார். அறைக் கதவு திறந்திருந்ததில் விளையாட்டுப் பெட்டியைக் கண்டு, “இன்னும் இதை விளையாடுறியோடா?” என்று கேட்டார். கிஷாந்த் அந்தப் போட்டிக் கதையைத் தொடங்கினான். நிரோஷா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

“அண்ணை, இவளைச் சும்மா ஆளெண்டு நினைக்காதேங்கோ. அந்த விளையாட்டிலேயே ஆகப் பலமான ஆளைத்தான் எடுத்து விளையாடினவள். அந்த மண்டபத்தில இவளை ஒருத்தராலயும் அசைக்கேலாமப் போச்சு. கொழும்பிலயே இவளை மாதிரிக் கெட்டிக்காரர் இல்லையெண்டு எல்லாரும் சொன்னவங்கள்.” அவன் கண்கள் பளபளத்தன. “அப்பிடிப்பட்ட இவளை நான்தான் அடிச்சு விழுத்தினனான்.”

அவளைக் கெட்டிக்காரி என்று அவன் இன்னொருவருக்கு முன்னால் சொல்லக் கேட்பதற்காகத்தான் அவள் அத்தனை வருஷமும் தோற்றிருந்தாள்.

வரதராசா அவள் பக்கம் திரும்பி, “அப்ப நீரும் விளையாடுவீரோ தங்கச்சி?” என்றார்.

“முந்தி கொஞ்சம்” என்றாள். சீனி போட்டது எது, போடாதது எது என்று சொல்லிக் கோப்பைகளை ஒவ்வொருவராகக் கொடுத்து முடித்து, வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். முன்னறையில் கிஷாந்த் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தான்.